பட்டு, மாத்திரை, கணுக்கால்

காஞ்சிபுரத்துக்கு வந்து சேரும் கச்சாப் பட்டைப் பார்த்தால், இதுதான் நாளைக்குக் கல்யாணப் புடவை ஆகப்போகிறது என்று நம்பத் தோன்றாது. கர்நாடகத்திலிருந்து வரும் அந்த நூல் விறைப்பாகவும் மங்கலாகவும் இருக்கும். சோப்பும் சோடாவும் போட்ட கொதிநீரில் வேகவைத்து அலசிய பிறகுதான் மினுமினுப்பு வெளியே வரும். அலசிய நூலை எடை போட்டால் ஏறத்தாழக் கால் பங்கு குறைந்திருக்கும். கரைந்து போனது செரிசின் என்னும் பசைப் புரதம். மிஞ்சி நிற்பது ஃபைப்ராயின் என்னும் இழைப் புரதம். சாயம் ஏறுவதும் பாவாகவும் ஊடையாகவும் தறிக்குப் போவதும் இந்த ஃபைப்ராயின்தான்.

புரதங்களைக் கட்ட இயற்கை 20 வகை அமினோ அமிலங்களைக் கையாள்கிறது. பட்டுப்புழு தன் நூலுக்கு அவற்றில் மூன்றையே பெரிதும் நம்புகிறது: கிளைசின், அலனைன், செரின். ஃபைப்ராயினில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இந்த மூன்றுதான். மூன்றுமே உருவில் சிறியவை. நூலின் நீண்ட பகுதிகளில் ஒன்று விட்டு ஒன்று கிளைசின் வரும். அதனால் சங்கிலிகள் நீட்டி நிமிர்ந்து, எதிரெதிர்த் திசையில் பக்கம் பக்கமாகப் படுத்து, ஹைட்ரஜன் பிணைப்புகளால் கோத்துக்கொண்டு தகடுகள் ஆகின்றன. தகட்டின் ஒரு முகத்தில் கிளைசின்கள், மறு முகத்தில் பெரும்பாலும் அலனைன்கள். கிளைசின் முகங்கள் எதிர்ப்படும் இடத்தில் இரு தகடுகளுக்கும் இடைவெளி 0.35 நானோமீட்டர், அலனைன் முகங்கள் எதிர்ப்படும் இடத்தில் 0.57 நானோமீட்டர். 1955-இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் மார்ஷ், ராபர்ட் கோரி, லைனஸ் பாலிங் ஆகிய மூவரும் எக்ஸ்-கதிர் படங்களைக் கொண்டு இந்த அடுக்கை வரைந்து காட்டினார்கள்.

ஆக, பட்டு நூலில் ஏறத்தாழப் பாதி, கண்ணுக்குத் தெரியாத நுண்படிகம். மீதி ஒழுங்கில்லாமல் சுருண்டு கிடக்கும் பகுதி. இழுத்தால் அறுபடாத வலுவைப் படிகம் தருகிறது. கொஞ்சம் நெகிழ்ந்து கொடுப்பதும், சாயத்தை உள்ளே விடுவதும் ஒழுங்கற்ற பகுதியின் வேலை. இரண்டும் உரிய அளவில், உரிய இடத்தில் இருப்பதால்தான் அது பட்டு.

நெகிழ வேண்டிய இடத்தில் படிகம் வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும்? சர்க்கரை நோயாளிகள் பலரின் கால் தமனிகளில் அதுதான் நடக்கிறது. அதைவிட விசித்திரமான செய்தி ஒன்றும் உண்டு: அங்கே உட்காரும் படிகம், நோயைக் கண்டுபிடிக்க வரும் கருவியையே ஏமாற்றிவிடும்.

புள்ளிகளைப் படிப்பது

உப்பும் வைரமும் மட்டும் படிகமல்ல. மூலக்கூறுகள் ஒரே ஒழுங்கில் திரும்பத் திரும்ப அடுக்கப்பட்ட எதுவும் படிகம்தான். சர்க்கரை படிகம். நாப்தலின் உருண்டை படிகம். வாயில் போடும் பெரும்பாலான மாத்திரைகளில் இருக்கும் மருந்தும் படிகமே.

1912-இல் ஜெர்மனியில் மாக்ஸ் ஃபான் லாவே குழுவினர் படிகம் ஒன்றின் ஊடே எக்ஸ்-கதிரைச் செலுத்தி, மறுபுறம் வைத்த படத்தகட்டில் புள்ளிகள் விழுவதைக் கண்டார்கள். புள்ளிகள் விழும் இடத்தையும் அவற்றின் அடர்த்தியையும் அளந்தால், உள்ளே அணுக்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று கணக்குப் போட்டுவிடலாம். இந்தக் கணக்கு முதலில் கனிமங்களுக்குத்தான் சுலபமாக வந்தது. கார்பன் மூலக்கூறுகள் வளைந்தும் சாய்ந்தும் கிடப்பதால் அவை படுத்தின. 1929-இல் கேத்லீன் லான்ஸ்டேல் பென்சீன் வளையம் தட்டையானது என்று நிறுவினார். அடுத்த ஆண்டு கல்கத்தாவில், சி. வி. ராமனின் ஆய்வுக்கூடத்திலிருந்த கேதாரேஸ்வர் பானர்ஜி, நாப்தலின், ஆந்த்ரசீன் ஆகியவற்றின் அமைப்பை வெளியிட்டார். கரிமப் படிகங்களின் கதையில் இந்தியா தொடக்கத்திலிருந்தே உண்டு.

1932-இல் ஜே. டி. பெர்னல் கொலஸ்டிரால் குடும்பத்தைச் சேர்ந்த படிகங்களை அளந்தார். கொலஸ்டிராலின் அமைப்பு என்று வேதியியலாளர்கள் அதுவரை நம்பிவந்த வடிவம் அந்த அளவுக்குள் அடங்கவில்லை. நோபல் பரிசு பெற்றவர்கள் வரைந்த வடிவத்தைத் திருத்த வேண்டியதாயிற்று. அதே பெர்னல் 20 ஆண்டுகள் கழித்துச் சென்னைக்கு வந்தார்.

கிண்டியில் ஒரு முறுக்கு

1952-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் ஏ. லட்சுமணசுவாமி முதலியார். அவர் மருத்துவர். இயற்பியல் துறைக்குத் தலைவராக அவர் அழைத்து வந்தவர் 30 வயதைத் தொட்டுக்கொண்டிருந்த ஜி. என். ராமச்சந்திரன். கிண்டி வளாகத்தில் எக்ஸ்-கதிர் ஆய்வுக்கூடம் அமைத்துவிட்டு, எதை ஆராய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தவரிடம் பெர்னல் ஒரு வழி காட்டினார்: கொலாஜனின் அமைப்பை யாரும் இன்னும் திருப்தியாகச் சொல்லவில்லை.

தோல், எலும்பு, தசைநார், ரத்தக்குழாய்ச் சுவர் ஆகியவற்றைத் தாங்கிப் பிடிக்கும் புரதம் கொலாஜன். பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்திலேயே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. அங்கிருந்து கங்காருவின் வால் தசைநார் கிடைத்தது. ராமச்சந்திரனும் அவருடைய மாணவர் கோபிநாத் கர்த்தாவும் 1954-இல் ‘நேச்சர்’ இதழில் விடையை வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு அதைச் செம்மைப்படுத்தினார்கள். மூன்று சங்கிலிகள். ஒவ்வொன்றும் தனித்தனியே இடம்புரியாகத் திருகியிருக்கும். மூன்றும் சேர்ந்து வலம்புரியாக ஒன்றையொன்று சுற்றிக்கொள்ளும்.

காஞ்சிபுரத்தில் பாவு நூலுக்கு முறுக்கு ஏற்றுபவர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்காது. இழைகளைத் தனியே ஒரு பக்கம் முறுக்கி, பிறகு சேர்த்து எதிர்ப்பக்கம் முறுக்கினால்தான் நூல் பிரியாது. அச்சில் உரசினாலும் தாங்கும். கொலாஜனும் அதே கணக்கில் நிற்கிறது. முறுக்கின் நடுவில் இடம் மிகக் குறைவு. அமினோ அமிலங்களிலேயே சிறியதான கிளைசின் மட்டுமே அங்கே அடங்கும். ஆகவே ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்றாவது இடம் தோறும் கிளைசின் வந்தாக வேண்டும். வருகிறது.

இந்த மாதிரியில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி இருக்கின்றன என்று லண்டனிலிருந்தும் கேம்பிரிட்ஜிலிருந்தும் எதிர்ப்பு வந்தது. ‘அளவு’ என்றால் எவ்வளவு என்பதே ராமச்சந்திரனின் எதிர்க்கேள்வி. அதற்கு விடை தேட அவரும் வி. சசிசேகரனும் போன இடம்தான் இந்த அத்தியாயத்துக்கு முக்கியம். அதுவரை உலகெங்கும் வெளியாகியிருந்த சிறிய கரிம மூலக்கூறுகளின் படிக அமைப்புகளைத் தேடி எடுத்து, ஓர் அணு இன்னோர் அணுவை எவ்வளவு தூரம் வரை நெருங்குகிறது என்று பட்டியல் போட்டார்கள். சி. ராமகிருஷ்ணனும் சேர்ந்து 1963-இல் வெளியிட்ட ராமச்சந்திரன் வரைபடம் அந்தப் பட்டியலின் மேல் எழுந்தது. புரதச் சங்கிலி எப்படியெல்லாம் மடங்கலாம், எப்படி மடங்க முடியாது என்பதற்கு இன்றும் உலகம் முழுவதும் அதுதான் உரைகல்.

மாத்திரைக்குள்

அதே கிண்டி வளாகத்தின் படிகவியல் துறையிலிருந்து 1989-இல் ஒரு சிறிய கட்டுரை வெளியானது. எழுதியவர்கள் ஹரிஹரன், எஸ். எஸ். ராஜன், ஆர். சீனிவாசன். பொருள்: மெட்ஃபார்மின் ஹைட்ரோகுளோரைடின் படிக அமைப்பு. தமிழ்நாட்டில் சர்க்கரைக்கு மருந்து சாப்பிடும் வீடுகளில் பெரும்பாலானவற்றில் இந்த மாத்திரை இருக்கும். 1957-இல் பிரான்சில் ழான் ஸ்டெர்ன் சர்க்கரை நோய்க்கு இதைக் கொடுக்கத் தொடங்கினார். மூலக்கூறு சிறியது: 4 கார்பன், 11 ஹைட்ரஜன், 5 நைட்ரஜன்.

படிகம் காட்டிய உருவத்தில் மூலக்கூறின் இரு பாதிகளும் ஒரே தளத்தில் இல்லை. ஒன்றிலிருந்து ஒன்று திரும்பி நிற்கின்றன. கார்பனுக்கும் நைட்ரஜனுக்கும் இடையிலான பிணைப்புகள் ஒற்றைப் பிணைப்பின் நீளமும் இல்லாமல் இரட்டைப் பிணைப்பின் நீளமும் இல்லாமல் நடுவில் இருக்கின்றன. எலெக்ட்ரான்கள் ஒரே இடத்தில் கட்டுண்டு கிடக்காமல் பரவியிருக்கின்றன என்பதற்கு அது அடையாளம். குளோரைடு அயனிகள் அக்கம்பக்கத்து மூலக்கூறுகளை ஹைட்ரஜன் பிணைப்புகளால் சேர்த்துப் பிடித்திருக்கின்றன.

மருந்தின் படிகத்தை அறிவது வெறும் அறிவுப் பசிக்காக அல்ல. ஒரே மூலக்கூறு இரண்டு விதமாக அடுக்கப்பட்டால் கரையும் வேகமே மாறிவிடும். எச்.ஐ.வி. மருந்தான ரிட்டோனவிர் 1996-இல் சந்தைக்கு வந்தது. இரண்டே ஆண்டுகளில், யாரும் எதிர்பாராத இன்னொரு படிக வடிவம் தலைகாட்டி, காப்ஸ்யூலில் மருந்து கரையாமல் போய், அதை விற்பனையிலிருந்து எடுக்க வேண்டி வந்தது. நல்லவேளையாக மெட்ஃபார்மின் நீரில் தாராளமாகக் கரையும்.

இன்சுலினுக்கும் இப்படியொரு கதை உண்டு. டோரத்தி ஹாட்ஜ்கின் 1930-களின் நடுவில் அதன் முதல் எக்ஸ்-கதிர் படத்தை எடுத்தார். அமைப்பு முழுவதும் தெரிந்தது 1969-இல். அந்தக் குழுவில் எம். விஜயன் இருந்தார், பின்னாளில் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் புரதப் படிகவியலை வளர்த்தவர் அவர். சிறிய மூலக்கூறுகளின் அமைப்புகளைச் சேர்த்து வைக்க 1965-இல் ஓல்கா கென்னார்ட் கேம்பிரிட்ஜில் தொடங்கிய தரவுத்தளம் 2019-இல் 10 லட்சத்தைத் தொட்டது.

தமனிச் சுவரில்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) நடத்தி 2023-இல் வெளியான ‘இண்டியாப்’ (INDIAB) ஆய்வின்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. வயது வந்தவர்களில் 11.4 சதவீதம். மருந்தால் சர்க்கரை குறைகிறது. ஆனால் கூடியிருந்த காலத்தில் அது செய்துவிட்டுப் போன வேலை ரத்தக்குழாயில் தங்கிவிடுகிறது.

குளுக்கோஸ் புரதங்களில் ஒட்டிக்கொள்ளும். சிவப்பணுவில் ஒட்டியதைத்தான் மூன்று மாதச் சராசரி என்று எச்.பி.ஏ.1.சி. சோதனையில் அளக்கிறோம். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அதோடு ஒட்டிய சர்க்கரையும் போய்விடும். கொலாஜனோ பல ஆண்டுகள் அப்படியே இருக்கும். கிண்டியில் கண்டறிந்த அந்த மூன்று இழை முறுக்குகளுக்கு இடையே சர்க்கரை குறுக்குக் கட்டுகளைப் போட்டுவிடுகிறது. ஒன்றன்மேல் ஒன்று வழுக்க வேண்டிய இழைகள் பூட்டிக்கொள்கின்றன. தமனி விறைக்கத் தொடங்குகிறது.

அடுத்து வருபவை இரண்டு படிகங்கள். முதலாவது, தமனியின் உள்ளடுக்கில் சேரும் கொழுப்புப் படிவுக்குள் உருவாகும் கொலஸ்டிரால் படிகம். மூலக்கூறு ஒன்றுக்கு ஒரு நீர் மூலக்கூறு சேர்ந்த மெல்லிய தகடு அது. அதன் அமைப்பை 1976-இல் பி. எம். கிரேவன் வெளியிட்டார். இந்தப் படிவுதான் குழாயின் வழியைக் குறுக்குகிறது.

இரண்டாவது, நடுவடுக்கில் உருவாகும் கால்சியம் பாஸ்பேட். எலும்பிலும் பல்லிலும் இருக்கும் அபடைட் வகையைச் சேர்ந்தது. தமனியின் தசைச் செல்கள் நாள்பட்ட சர்க்கரையாலும் சிறுநீரகக் கோளாறாலும் தங்கள் இயல்பை விட்டு, எலும்பு கட்டும் செல்களின் வேலையை ஏற்றுக்கொள்கின்றன. ஜெர்மன் நோயியலாளர் யோஹான் மன்கபெர்க் 1903-இல் இதை விவரித்தார். இந்தச் சுண்ணாம்புப் படிவு தன்னளவில் குழாயை அடைப்பதில்லை. சுவரை மட்டும் கெட்டியாக்கும். சாதாரண எக்ஸ்-ரேயில் பாதத்தின் தமனி வெள்ளைக் கோடாகத் தெரிவது இதனால்தான்.

கையும் கணுக்காலும்

காலில் ரத்த ஓட்டம் குறைந்திருக்கிறதா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று இருக்கிறது. நோயாளியை 5 முதல் 10 நிமிடம் படுக்க வைத்து, இரு கைகளிலும் இரு கணுக்கால்களிலும் ரத்த அழுத்தம் பார்ப்பார்கள். பேனா அளவிலான டாப்ளர் கருவியைத் தமனியின் மேல் வைத்தால் ரத்தம் ஓடும் ஓசை கேட்கும். கணுக்காலின் மேல் அளவை (சிஸ்டாலிக்) கையின் மேல் அளவால் வகுத்தால் வருவது கணுக்கால்–கை விகிதம். வலி இல்லை, ஊசி இல்லை, சாயம் செலுத்த வேண்டியதில்லை.

விகிதம் 1.00 முதல் 1.40 வரை இயல்பு. 0.90 அல்லது அதற்குக் கீழ் என்றால் தமனி நோய். கையில் 140, கணுக்காலில் 98 என்றால் விகிதம் 0.70, வழியில் எங்கோ அடைப்பு இருக்கிறது. சென்னை நகர மக்கள்தொகை ஆய்வில் டாக்டர் வி. மோகன் குழுவினர் இந்த முறையைக் கையாண்டு 2000-இல் முடிவை வெளியிட்டார்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களில் 6.3 சதவீதம் பேருக்கும், சர்க்கரை இயல்பாக இருந்தவர்களில் 2.7 சதவீதம் பேருக்கும் கால் தமனி நோய் இருந்தது. இரு மடங்குக்கும் மேல்.

இங்கேதான் படிகத்தின் ஏமாற்று வேலை வருகிறது. ரத்த அழுத்தம் பார்க்கச் சுற்றும் பட்டையில் காற்றை ஏற்றும்போது தமனி அமுங்கி ரத்தம் நிற்க வேண்டும். நிற்கும் இடத்து அழுத்தமே அளவு. சுவரில் சுண்ணாம்பு ஏறிய தமனி அமுங்குவதில்லை. உள்ளே ரத்த அழுத்தம் 98 மட்டுமே இருந்தாலும் சுவரை அமுக்க 210 தேவைப்படலாம். 210-ஐ 140-ஆல் வகுத்தால் 1.50. எண் 1.40-ஐத் தாண்டினால் அது ஆரோக்கியத்தின் அடையாளம் அல்ல; தமனி அமுங்கவில்லை, அளவை நம்பாதே என்ற எச்சரிக்கை.

அதைவிட ஆபத்து நடுவில் இருக்கிறது. அடைப்பும் விறைப்பும் ஒரே காலில் சேர்ந்தால் ஒன்று எண்ணைக் கீழே இழுக்கும், மற்றது மேலே தள்ளும். 98 இருக்க வேண்டிய இடத்தில் 150 காட்டும். விகிதம் 1.07. அறிக்கையில் ‘இயல்பு’ என்று எழுதப்படும். ரத்தம் போதாத கால், நல்ல சான்றிதழோடு வீட்டுக்குப் போகும்.

இதற்கு மாற்று, இன்னும் கொஞ்சம் கீழே இருக்கிறது. நடுவடுக்குச் சுண்ணாம்பு கால் விரல்களின் சிறு தமனிகளைப் பெரும்பாலும் விட்டுவைக்கிறது. பெருவிரலுக்கென்று உள்ள சிறிய பட்டையைச் சுற்றி, ஒளியால் நாடியை உணரும் கருவியைப் பொருத்தி அழுத்தம் பார்த்தால் உண்மை தெரியும். பெருவிரல்–கை விகிதம் 0.70-க்குக் கீழே போனால் ஓட்டம் குறைவு. மேலே சொன்ன காலில் பெருவிரல் அழுத்தம் 70 என்றால் விகிதம் 0.50, கணுக்கால் மறைத்ததை விரல் சொல்லிவிடும். டாப்ளரின் ஓசையும் உதவும்: நல்ல தமனியில் ஓட்டம் முன்னும் பின்னுமாக அலை எழுப்பும், அடைப்புக்கு அப்பால் அந்த அலை தட்டையாகி ஒற்றை இரைச்சலாகக் கேட்கும். சந்தேகம் இருந்தால் அடுத்த படி டாப்ளர் ஸ்கேன்.

தறிக்குழியில் இருக்கும் கால்

கால் தமனி நோய்க்குப் பாடநூல் சொல்லும் முதல் அறிகுறி, நடந்தால் கெண்டைக்கால் இழுத்துப் பிடிப்பதும் சில நிமிடம் நின்றால் விடுவதும். குழித்தறியில் நெய்பவர் நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை செய்கிறார். கால் குழிக்குள் மிதியை மாற்றி மாற்றி அழுத்துகிறது; தொடர்ந்து நடப்பதற்கு வாய்ப்பில்லை. நடக்காதவருக்கு நடைவலி எப்படித் தெரியும்? தெரிந்தாலும் காரணம் கையோடு இருக்கிறது: “தறியில உட்கார்ந்து உட்கார்ந்து கால் மரத்துப்போச்சு.” சர்க்கரையால் நரம்பும் மந்தமாகிவிட்டால் அந்த வலியும் இல்லை. கடை, அலுவலகம், தையல் என்று உட்கார்ந்தே செய்யும் எந்த வேலைக்கும் இது பொருந்தும்.

காஞ்சிபுரம் போன்ற கோயில் நகரத்துக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. சித்திரை வெயிலில் காய்ந்த கல் பிராகாரத்தில் வெறுங்காலோடு சுற்றும்போது, உணர்வு குறைந்த பாதத்துக்குச் சூடு தெரியாது. வீட்டுக்கு வந்த பிறகுதான் கொப்புளம் தெரியும். ரத்த ஓட்டம் சரியாக இருந்தால் அந்தப் புண் ஆறும். ஓட்டம் குறைந்த காலில் அது ஆறாமல் ஆழமாகி, விரலை எடுக்கும் நிலை வரை போகலாம். கால் தமனி அடைபட்டவருக்கு இதயத்திலும் மூளையிலும் அதே நோய் இருக்க வாய்ப்பு அதிகம் என்பதையும் மறக்கக் கூடாது.

முன்கூட்டியே தெரிந்தால் செய்ய நிறைய இருக்கிறது. பீடியும் சிகரெட்டும் மட்டுமல்ல, வெற்றிலையோடு போடும் புகையிலையும் நிற்க வேண்டும். ரத்த அழுத்தத்துக்கும் கொலஸ்டிராலுக்கும் மருந்து உண்டு. மருத்துவர் சொல்லும் அளவில் நடைப்பயிற்சி, தேவைப்பட்டால் பலூன் சிகிச்சை அல்லது மாற்றுக் குழாய் அறுவை. கோயில் பிராகாரத்தைக் காலையிலோ மாலையிலோ சுற்றுவதில் பக்தி குறைந்துவிடாது.

எண் என்பது தன்னந்தனியாக எதையும் சொல்வதில்லை. எதை அளக்கிறோமோ அதன் அமைப்பு தெரிந்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. ஆகவே சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது செருப்பைக் கழற்றி மருத்துவரிடம் பாதத்தைக் காட்டுங்கள். கணுக்கால் விகிதம் எடுக்கச் சொல்லுங்கள். அது 1.40-ஐத் தாண்டினால் மகிழ்ந்துவிடாதீர்கள். இயல்பாகவே வந்தாலும், பல ஆண்டுச் சர்க்கரையோ சிறுநீரகக் கோளாறோ ஆறாத புண்ணோ இருந்தால், பெருவிரலிலும் அழுத்தம் பார்க்க முடியுமா என்று தயங்காமல் கேளுங்கள்.